பத்துக் கேள்வியில் ஒரு பிள்ளையைத் தெரிந்துகொள்ள முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் குழந்தைகளின் கவனக்குறைவு பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பேச வேண்டிய விஷயத்தைப் பேசினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதன் கீழே கட்டம் கட்டிப் பத்துக் கேள்விகள் கொடுத்து, ஆறுக்கு மேல் 'ஆம்' என்றால் உங்கள் பிள்ளைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு, என்று போட்டிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மூன்று அம்மாக்கள் என்னிடம் வந்துவிட்டார்கள். ஒருவர் பென்சிலால் டிக் அடித்து, கூட்டி, ஓரத்தில் எட்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார். பையன் பக்கத்தில் நின்று அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு வயது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. உளவியல் படித்துவிட்டு, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதைப் பதினான்கு வருடமாக வேலையாகச் செய்கிறேன். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய நேர்காணல் என் பொறுப்பு. அந்த நேர்காணலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். பதற்றக் கோளாறுக்கும் கவனக்குறைவுக்கும் அப்படி ஒரு சொட்டு கிடையாது. ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்டோம், எப்படிக் கேட்டோம், எவ்வளவு நேரம் கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கட்டுரையில் வந்த அந்த 'ஆறு' எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டிஎஸ்எம்-5 கையேட்டில், கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரப்படுவதற்கும் சேர்த்து இன்னொரு ஒன்பது அறிகுறிகள் கொடுத்திருக்கிறார்கள். 16 வயது வரை இரண்டில் ஒரு பட்டியலிலாவது ஆறு தேற வேண்டும். சரி. ஆனால் கையேடு ஆறோடு நிற்கவில்லையே. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், படிப்பையோ பழகுவதையோ நிஜமாகவே பாதித்திருக்க வேண்டும். கடைசியாக, வேறொரு மனநலக் கோளாறு இப்படித் தோற்றம் காட்டவில்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கடைசி இடத்தில் நானே ஒரு பிள்ளையைக் கோட்டைவிட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை. ஊர் பெயர் வேண்டாம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, அம்மா காரைக்குடியில் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், ஸ்கூட்டியில் போய் வருவார். வகுப்பு ஆசிரியை சொன்னது இது: பாடத்தைக் கவனிப்பதே இல்லை, வாசலையே பார்க்கிறாள், பாதி எழுதும்போது பென்சிலை வைத்துவிடுகிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள், தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று சும்மா சும்மா எழுந்து வெளியே போகிறாள். அம்மாவைக் கேட்டேன். கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தார், கையிலிருந்த ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. 'ஆமா மேடம், வீட்லயும் ஒரு வேலையச் சொன்னா முடிக்கமாட்டா, என் பின்னாடியே சுத்திக்கிட்டு இருப்பா' என்றார். பிள்ளையைத் தனியாக வைத்துப் பத்து நிமிடம் பேசினேன். 'பாடம் நடத்தும்போது மனசு வேற எங்கயாவது போகுதா?' 'ஆமாங்க மிஸ்.' அவ்வளவுதான், இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆறுக்கு மேல் இருக்கிறது என்று கூட்டிக் கழித்துக் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையை அதன் அப்பத்தா கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் சரியாகவில்லை, பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்று அழுகிறாள் என்றார். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'இவ ஆத்தா வர அஞ்சு நிமிசம் பிந்துனா தெருவுக்கும் வீட்டுக்கும் நடையா நடக்குறா. ராத்திரி எந்திரிச்சு ஆத்தா மூச்சு விடுறாகளான்னு மூக்குல கைய வச்சுப் பாக்குறா. இதெல்லாம் யாரும் எங்கிட்ட கேக்கலையே தாயி.'

நான் பிள்ளையிடம் திரும்பிக் கேட்டேன், இந்தத் தடவை மனசு போகுதா என்று கேட்கவில்லை, எங்கே போகுது என்று கேட்டேன். 'அம்மா வண்டிய லாரி இடிச்சிருமோன்னு பாத்துக்கிட்டே இருப்பேன் மிஸ். வாசல்ல போய் நின்னா ரோடு தெரியும், அதான்.'

வாசலையே பார்த்ததற்கும், பாத்ரூம் போகிறேன் என்று எழுந்ததற்கும், அம்மா பின்னாடியே சுற்றியதற்கும் அந்த ரோடுதான் காரணம். அது பிரிவுப் பதற்றம். பிள்ளைகளுக்கு அது நான்கு வாரம் நீடித்தாலே கணக்கில் எடுக்க வேண்டும் என்று டிஎஸ்எம்-5 சொல்கிறது, இந்தப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டு கோளாறுக்கும் சிகிச்சை ஒன்று இல்லை. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் முறையில் அவளோடு வேலை செய்தோம், அம்மாவும் அப்பத்தாவும் கூட நின்றார்கள், நல்லபடியாகத் தேறினாள். ஆனால் அந்த எட்டு மாதம் அவளுக்குத் திரும்பக் கிடைக்காது. வகுப்பில் 'ஹைப்பர்' என்று பெயர் வாங்கியதும் என்னால்தான்.

நான் கேட்ட கேள்விகள் எல்லாம் புத்தகத்தில் இருப்பவைதான். ஆனாலும் தவறினேன், ஏனென்றால் ஒரே அறிகுறி இரண்டு மூன்று கோளாறுகளில் வரும். பொதுவான பதற்றக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற கோளாறு. அதன் ஆறு உடல், மன அறிகுறிகளில் நிலைகொள்ளாமல் இருப்பது, கவனம் நிற்காமல் போவது, எரிச்சல், தூக்கக் கெடுதல் எல்லாம் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஆறில் மூன்று வேண்டும், பிள்ளைகளுக்கு ஒன்று இருந்தாலே போதும். அப்படியென்றால் கவனிக்கிறானா, ஒரு இடத்தில் உட்காருகிறானா என்று மட்டும் கேட்கிற பட்டியலில் பதறிப்போன பிள்ளையும் மாட்டும், கவனக்குறைவுள்ள பிள்ளையும் மாட்டும். அதோடு கவனக்குறைவு உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் நோட்டை மூடிவிட்டால் இன்னொன்று உள்ளேயே கிடக்கும்.

இதற்காகத்தான் கேள்விகளை வரிசைப்படுத்திய நேர்காணல்கள் வந்தன. பதற்றக் கோளாறுகளுக்கு வெண்டி சில்வர்மனும் ஆன் மேரி அல்பானோவும் 1996-இல் வெளியிட்ட ஏடிஐஎஸ் என்கிற நேர்காணல் இருக்கிறது. பிள்ளையைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் கேட்க வேண்டும், கவனக்குறைவுக்கென்றும் அதிலேயே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு கோளாறும் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து எட்டு வரை மதிப்பெண் போடுவார்கள், நாலும் அதற்கு மேலும் வந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். 1997-இல் ஜோன் காஃப்மனும் மற்றவர்களும் வெளியிட்ட கே-சாட்ஸ் என்பது இன்னொன்று. இவற்றை ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி, ஒன்றரை மணி, சில வீடுகளுக்கு இரண்டு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

இவற்றிலும் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சில் ஒரு இதழ் வளைந்துவிட்டால் ஆயிரம் கல்லிலும் அதே இதழ் அதே இடத்தில் வளைந்துதான் விழும். கல்லுக்குக் கல் வித்தியாசமே இருக்காது, ஆனால் பூ தப்பு. நேர்காணலும் அப்படித்தான். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டும் ஒரே முடிவுக்கு வந்தால் நம்பகத்தன்மை இருக்கிறது என்போம். அந்த முடிவு பிள்ளைக்கு உண்மையிலேயே இருக்கிற கோளாறா என்பது வேறு கேள்வி, அதற்குப் பெயர் ஏற்புடைமை. முதலாவதை அளப்பது சுலபம், அதனால் ஆராய்ச்சிகளும் அதில் நிறைய. இரண்டாவதை அளக்க, கேட்டதை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும்: பிள்ளையே நிரப்புகிற கேள்வித்தாள், ஆசிரியர் மதிப்பீடு, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்ப்பது என்று. 2002-இல் ஜெஃப்ரி உட் குழுவினர் ஏடிஐஎஸ் முடிவுகளைப் பிள்ளைகள் நிரப்பிய பதற்ற அளவுகோலோடு வைத்துப் பார்த்தார்கள். சமூகப் பயம், பிரிவுப் பதற்றம், பீதிக் கோளாறு மூன்றும் நன்றாக ஒத்துப்போயின. பொதுவான பதற்றக் கோளாறு மட்டும் ஒத்துப்போகவில்லை. நிலைகொள்ளாமையும் கவனச் சிதறலும் வருகிற அதே கோளாறுதான் கவனக்குறைவோடு அதிகம் குழம்புவது. நன்றாகச் செதுக்கிய கருவியே தடுமாறுகிற இடத்தில் பத்துக் கேள்விக் கட்டம் என்ன செய்யும்?

அடுத்தது, யாரைக் கேட்பது. அமெரிக்காவில் தாமஸ் ஆக்கன்பாக் தன் சகாக்களோடு சேர்ந்து 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஒரே பிள்ளையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் சொல்வது ஒத்துப்போகிற அளவு சராசரியாக 0.60, முழுக்க ஒத்துப்போனால் 1. பெற்றோர், ஆசிரியர் என்று வெவ்வேறு இடத்தில் பார்ப்பவர்கள் என்றால் 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் 0.22. இதைப் படித்ததும் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் பார்க்கிற பிள்ளை வேறு, வீட்டில் பார்க்கிற பிள்ளை வேறு, ராத்திரி போர்வைக்குள் இருக்கிற பிள்ளை வேறு. எங்கள் ஊரில் பழைய கணக்குப்பிள்ளைகள் குறிப்பும் பேரேடும் ஒத்துவரவில்லை என்றால் ஒன்றைக் கிழித்துப் போட்டதில்லை, எந்தத் தேதி வரவு எதில் விட்டுப்போனது என்று விளக்கு வைத்துக்கொண்டு தேடுவார்கள். அம்மா சொன்னதும் ஆசிரியர் சொன்னதும் ஒத்துவராதபோது அந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

பதற்றம் உள்ளே நடப்பது, அதனால் பிள்ளை சொல்வதற்கு எடை அதிகம். கவனக்குறைவில் இது தலைகீழ். எனக்கு ஒன்றுமில்லை மிஸ், நான் நல்லாத்தான் கவனிக்கிறேன் என்று பிள்ளை மனசார நம்பிச் சொல்லும், அங்கே ஆசிரியரும் வீட்டாரும்தான் முக்கிய சாட்சி. அப்புறம் இந்தக் கருவிகள் எல்லாம் 'பெற்றோர்' என்று எழுதிவைத்திருக்கின்றன. எங்கள் பக்கத்தில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார், வீடியோ காலில் பிள்ளை சமர்த்தாகத் தெரியும். அம்மா கடையிலோ வங்கியிலோ. பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பது அப்பத்தாவும் ஐயாவும் அம்மாவைப் பெற்ற ஆயாவும்தான். அவர்களை வாசலில் உட்கார வைத்துவிட்டு நேர்காணல் நடக்கிறது. அந்த அப்பத்தா சொன்ன வார்த்தைக்குப் பிறகு நான் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

வீட்டைப் பற்றியும் ஒன்று. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நீளும் வீட்டில் பெரியப்பா பிள்ளைகளோடு ஓடுகிற பையனைத் துறுதுறுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதே பையன் சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குப் போன மாதமே ஹைப்பர் ஆகிவிடுகிறான். ஓட இடம் இருந்ததா என்று கேட்காத நேர்காணல் அரைகுறை.

பிள்ளையிடம் கேட்பது ஒரு தனிக் கலை. ஆறேழு வயதுப் பிள்ளை பெரியவர்கள் கேட்டால் 'ஆமா' என்றுதான் சொல்லும், மரியாதைக்கு. அதனால் ஒரே விஷயத்தைச் சற்றுக் கழித்துத் திருப்பிப் போட்டுக் கேட்பேன், இரண்டுக்கும் ஆமா வந்தால் அன்றைக்கு அந்தக் கேள்வியை விட்டுவிடுவேன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் நேர்காணலில் சொல்கிற பதில் ஒரு வாரத்திலேயே மாறிவிடுகிறது, வயது ஏற ஏறத்தான் நிலைக்கிறது என்று கிரெய்க் எடல்புரோக் குழுவினர் 1985-இலேயே காட்டிவிட்டார்கள். இன்னொன்று, இரண்டாம் முறை கேட்கும்போது 'ஆமா' குறைந்துவிடும். உடனே நோய் குறைந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஆமா என்றால் அதிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி வரும் என்று பிள்ளை முதல் தடவையே புரிந்துகொண்டிருக்கும்.

ஆறு மாதமாக இருக்கா என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்டோமே, அதுக்கு முன்னாடியேவா, பின்னாடியா? முத்துமாரியம்மன் கோவில் பால்குடம் அப்போ பயம் இருந்துச்சா? அரைப் பரீட்சை லீவுல எப்படி இருந்த? இப்படிக் கேட்டால் நாள் கணக்கில் சரியாகச் சொல்கிறார்கள். லீவில் மறைந்து பள்ளி திறந்ததும் வருகிறது என்று தெரிந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனக்குறை மொழியில்தான். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் போட்டு, 'நீ அடிக்கடி கவலைப்படுவாயா?' என்று கேட்கிறோம். ஒரு பையன் எனக்குப் பதில் சொன்னான்: 'கவலையா? அது அம்மாவுக்குத்தான் மிஸ்.' அவனுக்குக் கவலை என்றால் கடன், வீட்டு வாடகை, அக்கா கல்யாணம். அவனுக்கு இருந்ததற்கு அவன் வைத்திருந்த சொல் வேறு. வயித்தைப் பிசையுது, நெஞ்சு திக்குதிக்குங்குது, ஒரு மாதிரியா வருது. கேள்வித்தாளில் 'கவலை'க்கு இல்லை என்று டிக் அடித்துவிட்டு, வயிற்றுவலிக்காக நாலு டாக்டரைப் பார்த்த பையன் அவன். 'அடிக்கடி' என்பதும் அப்படித்தான், ஒரு வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கடி, இன்னொரு வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை நடந்தால்கூட 'எப்பவாவதுதான் மேடம்'.

ஏடிஐஎஸ்ஸில் பயத்தின் அளவைக் காட்ட ஒரு தெர்மாமீட்டர் படம் கொடுப்பார்கள், பூஜ்யத்திலிருந்து எட்டு வரை. எங்கள் பிள்ளைகளுக்குத் தெர்மாமீட்டர் என்றாலே ஊசி ஞாபகம் வருகிறது. நான் ஊருணிப் படிக்கட்டு வரைகிறேன், எட்டுப் படி. தண்ணி எத்தனாவது படி வரைக்கும் ஏறியிருக்கு, காட்டு என்றால் விரலை வைத்துவிடுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை எட்டாம் படியையும் தாண்டிக் கரையில் விரலை வைத்தது. சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை அது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: என் படிக்கட்டும் அவர்களுடைய தெர்மாமீட்டரும் ஒரே அளவைத்தான் காட்டுகின்றனவா என்று முறையாக யாரும் சோதிக்கவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது, நம்பிக்கையை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. காரைக்குடியிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது, உளவியல், கல்வியியல் படிக்கிற பிள்ளைகள் வருடா வருடம் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். இந்தக் கேள்விகளைத் தமிழாக்கி, அதை வேறொருவரைக்கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒத்துப் பார்த்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு, அனுபவமுள்ள மருத்துவர்கள் நாள்பட்ட பார்வையில் எடுத்த முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும்.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். கணக்குப் பார்த்து வளர்ந்த ஊர், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். உலக அளவில் கவனக்குறைவுக் கோளாறு 5.29 சதவீதம் என்று 2007-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது, நாம் 50 பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் பட்டியல் ரொம்ப நல்ல பட்டியல் என்றே வைத்துக்கொள்வோம், கோளாறு இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடும். 50-இல் 40 பேர் மாட்டுவார்கள். மீதி 950 பேரில் பத்து சதவீதம், அதாவது 95 பேர், ஒன்றும் இல்லாமலே மாட்டுவார்கள். மொத்தம் 135 அம்மாக்கள் வட்டம் போடுவார்கள், அதில் 95 வட்டம் தப்பு. கோளாறு உள்ள 10 பிள்ளைகள் தப்பித்தும் போவார்கள், அவர்களில் பல பேர் கடைசி பெஞ்சில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைகளாக இருப்பார்கள்.

பட்டியலை வைத்து எண்ணினால் எண்ணிக்கை எப்படிப் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கோயம்புத்தூர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் பெற்றோரும் ஆசிரியரும் நிரப்புகிற மதிப்பீட்டுப் படிவத்தைக்கொண்டு செய்து 2013-இல் வெளியான ஆய்வில் 11.32 சதவீதம் வந்தது. அந்த ஆய்வைக் குறை சொல்லவில்லை, முதல் சல்லடைக்கு அந்த மாதிரிப் படிவம்தான் வேண்டும். சல்லடையில் தங்கியதை அப்படியே நோய் என்று வாசித்துவிடக் கூடாது, அதற்குப் பிறகு நேர்காணல் வேண்டும் என்கிறேன். இன்னொரு செய்தி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். அங்கே டிசம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பில் வயது குறைந்தவர்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பர் பையன்களுக்கு இந்த நோய்ப் பெயர் 30 சதவீதம் கூடுதலாக விழுந்திருந்தது, பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம். பதினொரு மாதம் இளைய பிள்ளை பதினொரு மாதம் இளைய பிள்ளை மாதிரி நடந்துகொண்டதுதான் அங்கே நடந்தது. நம் ஊரில் சீக்கிரம் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிற வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

தயவுசெய்து என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏடிஹெச்டி என்று ஒன்றே இல்லை, எல்லாம் செல்லம் கொடுத்ததால் வந்தது என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. நிஜமாகவே கவனக்குறைவு உள்ள பிள்ளை வருடக்கணக்காக அடி வாங்கி, திட்டு வாங்கி, தான் முட்டாள் என்று நம்பி என்னிடம் வருகிறது. சரியான நேரத்தில் சரியாகக் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே மாறிவிடுகிறது, பார்த்திருக்கிறேன். அதனாலேயேதான் கண்டுபிடிப்பது சரியாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது: யாராவது உங்கள் பிள்ளைக்கு இந்தக் கோளாறு என்று சொன்னால், பிள்ளையிடம் தனியாகப் பேசினீர்களா, வகுப்பு ஆசிரியரிடம் கேட்டீர்களா, பதற்றம், தூக்கம், காது, கண், வீட்டுச் சூழல் எல்லாம் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். மரியாதைக் குறைவு இல்லை அது. பத்து நிமிடத்தில் பெயர் வைத்துவிட்டால் இன்னொரு இடத்திலும் காட்டுங்கள். ஆசிரியர்களுக்கு: மதிப்பீட்டுப் படிவம் வந்தால் மதிய இடைவேளையில் ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள், ஒரு வாரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள், பெட்டிக்கு வெளியே ஓரத்தில் எந்தப் பாடவேளையில், எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபோது என்று இரண்டு வரி எழுதுங்கள். 'வாசலையே பார்க்கிறாள்' என்று அன்றைக்கு அந்த ஆசிரியை சொன்ன ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அரசுப் பள்ளிகளுக்கு, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற ஆர்பிஎஸ்கே திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது. பல்லும் கண்ணும் ரத்தசோகையும் பார்க்கிற அதே நாளில் இதையும் பார்த்து முடிக்க அவர்களால் முடியாது. சந்தேகம் உள்ள பிள்ளைகளை மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினால், சிவகங்கை வரை இரண்டு பஸ் மாறிப் போக ஒரு நாள் கூலி போகும் என்று பாதிப் பேர் போவதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமையாவது நேர்காணல் செய்யத் தெரிந்தவர் ஒருவர் வட்டார அளவில் வந்து உட்கார ஏற்பாடு செய்யலாம். இதை உங்கள் பத்திரிகை எழுதினால் கேட்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் வந்த மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று அதே இணைப்பிதழில், அதே அளவில் ஒரு குறிப்புப் போடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் சேர்த்துப் போடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. திங்கட்கிழமை வந்த அந்தப் பையனை அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் ஆசிரியரிடம் பேசிவிட்டேன், ஆயாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காகிதத்தை என்னிடமே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.